பர்மாவிலிருந்து நடந்து வந்த ஐயாவின் வாழ்க்கையை நினைவு மலராக்குவது: தேதி, பாதை, பழைய தாள்கள்

பேத்தி98

வணக்கம். வீட்டில் எல்லோரும் ஐயா என்று கூப்பிட்ட பெரியவர் 98 வயதில் போய்ச் சேர்ந்தார். வருஷத் திதிக்குள் நினைவு மலர் கொண்டுவர வேண்டும். மாலை போட்ட படத்தையும் அஞ்சலிக் கவிதையையும் போட்டு முடித்துவிட மனம் வரவில்லை. சிவகங்கைப் பக்கமிருந்து 13 வயதில் ரங்கூன் போனவர். 1942இல் நடந்து திரும்பினார். சண்டை ஓய்ந்ததும் மறுபடி போய்ப் பெகுவில் அரிசிக்கடை வைத்தார். 1964இல் கடையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார்.

தகரப் பெட்டியில் கிடைத்தவை: ஓலைச் சாதகம், அட்டை கிழிந்த ஒரு கணக்கு நோட்டு, சட்டக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட ரங்கூன் ஸ்டூடியோ படம், ஜப்பான்காரன் அடித்த ரூபாய் நோட்டு ஏழு. ஐயாவின் தங்கை இருக்கிறார், வயது 91.

நோட்டில் ஒரு வரி புரியவே இல்லை. "சித்திரபானு, சித்திரை, உயரு, பலேல் கேம்பில் அரிசி பருப்பு". உயரு என்பது ஊரா, ஆளா? எங்கே தொடங்குவது என்று சொல்லுங்கள்.

பேரேடு

உயரு ஊரும் இல்லை, ஆளும் இல்லை. அது 25.

அந்தக் காலக் கணக்கு நோட்டில் தமிழ் எண்தான். ௨ பார்க்க உ மாதிரி, ௰ ய மாதிரி, ௫ ரு மாதிரி. ௨௰௫ என்றால் இரண்டு பத்து ஐந்து. ௧ க மாதிரியும், ௪ ச மாதிரியும், ௬ சு மாதிரியும், ௭ எ மாதிரியும், ௮ அ மாதிரியும் தெரியும். பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனிக் குறி உண்டு (௰, ௱, ௲), சுழி கிடையாது. 12 என்பதை ௰௨ என்றும் 20 என்பதை ௨௰ என்றும் எழுதுவார்கள். வாசிப்பவர்கள் தவறுவது இங்கேதான்: ௰வைச் சுழியாக எடுத்துக்கொண்டு 25ஐ 205 ஆக்கிவிடுவார்கள்.

வரியை உருப்பெருக்கியில் இன்னொரு தடவை பாருங்கள். சித்திரபானுவுக்குப் பின்னால் ஒரு சுழிப்பு இருந்தால் அது ௵, வருஷம். சித்திரைக்குப் பின்னால் ௴, மாதம். எண்ணுக்குப் பின்னால் ௳, நாள். பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹. இந்த ஏழு குறியும் பிடிபட்டுவிட்டால் முழு நோட்டும் திறந்துகொள்ளும். தொகைகளைக் கூட்டும்போது 16 அணா ஒரு ரூபாய், 12 பை ஒரு அணா. கூட்டல் ஒத்துவரவில்லை என்றால் பெரும்பாலும் ஒரு எண்ணைத் தப்பாக வாசித்திருக்கிறீர்கள்.

சித்திரபானு 1942 ஏப்ரல் நடுவில் பிறந்தது. சித்திரை 25 என்றால் 1942 மே 7 அல்லது 8. பலேல் மணிப்பூரில் இருக்கிறது. அந்த ஒரு வரியில் உங்கள் ஐயா எந்த நாளில் எந்த இடத்தில் இருந்தார் என்பது அவர் கைப்பட இருக்கிறது. மலரில் அந்தப் பக்கத்தைப் படமாகவே போடுங்கள்.

மணிப்பூர்ரோடு

பலேல் என்று படித்ததுமே பாதை தெரிந்துவிட்டது. 1942இல் பர்மாவிலிருந்து தரைவழியாக வந்தவர்களுக்கு மூன்று பெரிய வழிகள்.

முதலாவது தௌங்கப் கணவாய். புரோமிலிருந்து அரக்கான் மலையைத் தாண்டி, நூறு மைலுக்குச் சற்று மேல் நடந்து கடற்கரைக்கு வந்து, படகில் அக்யாப், அங்கிருந்து சிட்டகாங். ரங்கூனில் 1941 டிசம்பர் 23ஆம் தேதியும் 25ஆம் தேதியும் ஜப்பான் குண்டு விழுந்ததும் கிளம்பிய முதல் அலை இந்த வழியாகத்தான் வந்தது. அந்த மலையில் தண்ணீர் கிடையாது. காலரா வந்ததும் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள்.

இரண்டாவது சிந்துவின் ஆற்று வழி. ரயிலிலோ ஐராவதிப் படகிலோ மண்டலே, மொனிவா வரை வந்து, சிந்துவின் ஆற்றில் மேலேறிக் கலேவா. அதற்கப்புறம் நடை. கலேவாவிலிருந்து கபா பள்ளத்தாக்கு வழியாகத் தாமு சுமார் 150 கி.மீ. தாமுவிலிருந்து மலையேறிப் பலேல் இன்னொரு 70 கி.மீ. அங்கிருந்து இம்பால் 46 கி.மீ., இம்பாலிலிருந்து திமாப்பூர் 215 கி.மீ. இந்தக் கடைசி இரண்டு துண்டிலும் சிலருக்கு லாரி கிடைத்தது, பலருக்குக் கிடைக்கவில்லை. திமாப்பூர் ஸ்டேஷனுக்கு அப்போது மணிப்பூர் ரோடு என்றுதான் பெயர். நோட்டில் அந்தப் பெயர் இருக்கிறதா பாருங்கள்.

மூன்றாவது வடக்கே ஹுகாங் பள்ளத்தாக்கு. மிட்சினா பக்கமிருந்து பங்சாவ் கணவாய் ஏறி அசாமில் லெடோ. மிட்சினா மே 8ஆம் தேதி விழுந்த பிறகு வேறு போக்கிடம் இல்லாதவர்கள் மழைக்காலத்தில் இந்த வழியில் இறங்கினார்கள். மூன்றிலும் கொடியது இதுதான். சேறும் பட்டினியும் நோயும் சேர்ந்து கொன்றன.

மொத்தம் வந்தவர்கள் நான்கைந்து லட்சம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. வழியில் செத்தவர்களை யாரும் எண்ணவில்லை. பத்தாயிரத்திலிருந்து அதைப் போலப் பல மடங்கு வரை மதிப்பீடுகள் போகின்றன. மலரில் ஒரே எண்ணை உறுதியாக அச்சடிக்காதீர்கள்.

பேத்தி98

நன்றி, நோட்டில் "மணிப்பூர் ரோடு" இருக்கிறது! இரண்டு பக்கம் தள்ளி. ஆனால் பெரியப்பா ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். ரங்கூனிலிருந்து முழுக்க நடந்தே வந்தார், தௌங்கப் வழி, கப்பலேறிச் சிட்டகாங் என்று சின்ன வயதிலிருந்து கேட்டது அவருக்கு. ஐயா அடிக்கடி சொன்ன இன்னொன்று: "இம்பால் கேம்பில் கஞ்சிக்கு நிற்கையில் குண்டு விழுந்தது, வட்டியை (சாப்பாட்டுத் தட்டை) போட்டுவிட்டு ஓடினோம்." இதை எதில் சேர்ப்பது?

மணிப்பூர்ரோடு

இம்பாலில் ஜப்பான் விமானம் குண்டு போட்டது 1942 மே 10ஆம் தேதி, அப்புறம் மே 16ஆம் தேதி. பலேலில் 7 அல்லது 8. அங்கிருந்து இம்பால் 46 கி.மீ., களைத்த கால் இரண்டு நாளில் போய்விடும். 10ஆம் தேதி குண்டுக்கு அவர் இம்பாலில் நின்றிருக்க எல்லாப் பொருத்தமும் இருக்கிறது. வாய்ச்சொல்லும் தாளும் தனித்தனியாக வந்து ஒரே இடத்தில் சேருவது அபூர்வம் தங்கச்சி. உங்கள் ஐயா எண்பது வருஷம் அந்த நாளைச் சிதையாமல் வைத்திருந்திருக்கிறார்.

பெரியப்பாவை மறுத்துப் பேச வேண்டாம். என்னென்ன ஞாபகம் என்று கேளுங்கள். தாகம், வெயில், கடைசியில் கடல் என்றால் தௌங்கப். ஆற்றுப் படகு, தேக்கங்காடு, பிறகு மலைச்சாலையும் லாரியும் என்றால் தாமு. அட்டைப்பூச்சி, முழங்கால் சேறு, அசாம் தேயிலைத் தோட்டக்காரர்கள் போட்ட கேம்பு என்றால் ஹுகாங். பல வீடுகளில் கூட வேலைபார்த்தவர் கதையும் அண்ணன் தம்பி கதையும் காலப்போக்கில் ஒரே ஆளின் கதையாகிவிடும். தௌங்கப்பில் வந்தவர் அவருடைய அண்ணனாகவோ பங்காளியாகவோ இருக்கலாம். அப்படியானால் அது வேறொருவரின் வாழ்க்கை, அவருக்கும் மலரில் அரைப்பக்கம் கொடுக்க வேண்டும்.

முழுக்க நடந்தார் என்பதைப் பற்றி. ரங்கூனுக்கும் மண்டலேக்கும் நடுவே 620 கி.மீ. ரயில் பாதை. ரங்கூன் மார்ச் 8ஆம் தேதிதான் விழுந்தது, அதுவரை வடக்கே வண்டி ஓடியது, அதற்கு மேலே இன்னும் சில வாரம் ஓடியது. பெரும்பாலோர் அந்தத் தூரத்தை ரயிலிலும் படகிலும் மாட்டுவண்டியிலும்தான் கடந்தார்கள். கலேவா முதல் பலேல் வரை 220 கி.மீ. நடை என்று எழுதுங்கள். 16 வயதுப் பையன் ஒரு மூட்டையோடு நடந்த 220 கி.மீ. அதற்கு மேல் ஒரு மைல்கூடச் சேர்க்கத் தேவையில்லை.

திமாப்பூருக்கு அப்புறம்: ரயிலில் பாண்டு, பிரம்மபுத்திராவைப் படகில் கடந்து அமின்காவ், அங்கிருந்து கல்கத்தா, ஹவுராவில் மதராஸ் வண்டி. அந்த ஆற்றின் மேல் சராய்காட் பாலம் 1962இல்தான் வந்தது. "நடுவில் ஒரு பெரிய ஆற்றில் கப்பலில் ஏற்றினார்கள்" என்று ஐயா சொல்லியிருந்தால், பெரியப்பா ஞாபகத்தில் இருக்கும் கப்பல் இதுவாகவும் இருக்கலாம்.

சாதகக்கட்டம்

98 என்பதைச் சரிபார்த்தீர்களா? சாதகத்தில் வருஷம் என்ன போட்டிருக்கிறது?

பேத்தி98

ஐப்பசி மாதம். வருஷம் "குரோத" வரை தெரிகிறது, அடுத்த எழுத்தில் ஓலை உடைந்திருக்கிறது. பாஸ்போர்ட்டில் 1-7-1928.

சாதகக்கட்டம்

பாஸ்போர்ட் தேதியை விட்டுவிடுங்கள். ஜூலை 1 என்பது தேதி தெரியாதவர்களுக்கு எழுதுபவர் கைக்கு வந்த தேதி. அந்தத் தலைமுறையில் பாதிப் பேர் ஜூன், ஜூலையில்தான் பிறந்திருப்பார்கள்.

உடைந்த எழுத்து ன என்றால் குரோதன, 1925-26. தி என்று கொண்டு குரோதி என வாசித்தால் 1904-05 அல்லது 1964-65. இந்த இரண்டையும் குழப்பி இருபத்தொரு வயது கூட்டிவிட்ட வீடுகள் உண்டு. ஓலை உடைந்தாலும் இராசிக் கட்டம் இருக்கும். அதில் சனியைப் பாருங்கள். சனி ஒரு இராசியைக் கடக்கச் சுமார் இரண்டரை வருஷம், மொத்தச் சுற்றுக்கு முப்பது வருஷம், அதனால் வருஷத்தை உறுதிசெய்ய அதைவிட நல்ல சாட்சி இல்லை. ஐப்பசியில் சனி துலாத்தில், குரு தனுசில் இருந்தால் 1925. சனி மகரத்தில் இருந்தால் 1904. சூரியன் துலாத்தில் இருக்க வேண்டும், ஐப்பசி என்பதே அதுதான்.

பேத்தி98

துலாத்தில் சூ, ச இரண்டும் ஒரே கட்டத்தில். தனுசில் கு.

சாதகக்கட்டம்

1925 அக்டோபர் நடுவுக்கும் நவம்பர் நடுவுக்கும் இடையில். 13 வயதில் போனார் என்றால் 1938 இறுதி அல்லது 1939. நட்சத்திரம் தெரிந்தால் நாளையும் பிடித்துவிடலாம்.

பேரேடு

1938-39 என்றால் ஒரு குறிப்பு. ஐயாவின் முதல் பயணத்துக்குப் பாஸ்போர்ட் தேடி அலைய வேண்டாம். 1937 ஏப்ரல் 1 வரை பர்மா இந்தியாவோடு சேர்ந்த மாகாணம். பிரித்த பிறகும் சில ஆண்டுகள் பழைய போக்குவரத்தே நடந்தது. மதராஸில் டெக் டிக்கெட் எடுத்து, மூன்று நாலு நாளில் ரங்கூன் துறையில் இறங்கியிருப்பார். பெயர் பதிவாகியிருந்தால் கிட்டங்கி (செட்டியார்கள் கடை வைத்துத் தங்கிய கட்டடம்) கணக்கில்தான். யார் கிட்டங்கி, என்ன விலாசம் என்று நோட்டின் முதல் பக்கத்தில் பாருங்கள். தலைப்பில் இரண்டு மூன்று முன்னெழுத்துகள் இருந்தால் அது ஆள் பெயர் அல்ல, கடை விலாசம். அதை வைத்துச் செட்டிநாட்டில் அந்தக் குடும்பத்தையே கண்டுபிடிக்கலாம். அவர்கள் வீட்டுப் பெட்டகத்தில் பழைய பேரேடும் சம்பளச் சீட்டும் இன்றும் கிடக்க வாய்ப்புண்டு.

ஜப்பான் நோட்டு ஏழுக்கு வருகிறேன். அதிலுள்ள குறி எழுத்து பி என்று தொடங்கினால் பர்மாவுக்கு அடித்தது, எம் என்றால் மலாயாவுக்கு. இதை வைத்து "ஐயா ஜப்பான் காலத்தில் பர்மாவில் இருந்தார், நேதாஜி படையில் இருந்தார்" என்று எழுத யாராவது ஆசைப்படுவார்கள். கூடாது. நேதாஜி சிங்கப்பூரில் அரசு அமைத்தது 1943 அக்டோபர் 21, தலைமையகத்தை ரங்கூனுக்குக் கொண்டுவந்தது 1944 ஜனவரி. 1942 மேயில் பலேலில் இருந்தவர் அந்த நேரம் சிவகங்கையில். 1945க்குப் பிறகு அந்த நோட்டு வெறும் காகிதம், பிள்ளைகள் விளையாடக் கட்டுக்கட்டாகக் கிடந்தது. இரண்டாவது முறை போனபோது எடுத்து வைத்திருப்பார். அதை அப்படியே எழுதுங்கள்.

தகரப்பெட்டி

யாரும் படத்தைப் பற்றிப் பேசவில்லை. பேத்தி98, இதுவரை கை வைக்கவில்லை என்று நம்புகிறேன்.

கண்ணாடியில் ஒட்டிய படத்தைப் பிய்க்கக் கூடாது, நனைக்கக் கூடாது, ஹேர் டிரையர் காட்டக் கூடாது. ஈரம் ஏறி இறங்கி, படத்தின் மேலுள்ள ஜெலட்டின் படலம் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இழுத்தால் முகம் கண்ணாடியில் நின்றுவிடும், வெள்ளைத் தாள் கையில் வரும். சட்டத்தையும் பின் அட்டையையும் மட்டும் கழற்றி, கண்ணாடியோடு சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். கடைக்காரரிடம் ஸ்கேனர் சி.சி.டி. வகையா என்று கேளுங்கள். மலிவான சி.ஐ.எஸ். வகைக்கு ஆழம் கிடையாது, இரண்டு மில்லிமீட்டர் கண்ணாடி குறுக்கே இருந்தாலே மங்கலாகும். அது கிடைக்காவிட்டால் கேமரா: படத்துக்கு நேர் எதிரே முக்காலி, இரண்டு பக்கமும் 45 பாகையில் விளக்கு, கேமராவைச் சுற்றிக் கறுப்புத் துணி. துணி இல்லாவிட்டால் கேமராவின் பிம்பமே கண்ணாடியில் விழும்.

அஞ்சலட்டை அளவுப் படத்துக்கு 600 டி.பி.ஐ., பாஸ்போர்ட் அளவுக்கு 1200. மூலத்தை டிஃப் கோப்பாக வைத்துக்கொண்டு நகலில் மட்டும் கை வையுங்கள். முகத்தைப் பளபளப்பாக்கும் செயலிகள் இல்லாத கண்ணையும் மூக்கையும் வரைந்துவிடும், அந்த வேலை வேண்டவே வேண்டாம். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், ஸ்டூடியோ முத்திரையும் தெருப் பெயரும் அங்கேதான் இருக்கும். பெயர் குறிக்க மென்மையான பென்சில், ஓரத்தில், அழுத்தாமல்.

நோட்டை லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். பத்து வருஷத்தில் பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்னும். கிழிந்த அட்டையைப் பருத்தி நாடாவால் கட்டினால் போதும். பெட்டியில் அந்துருண்டை போடாமல், மழைக்காலம் கழிந்ததும் நிழலில் காற்றாட வையுங்கள். ஓலைக்கு லெமன்கிராஸ் எண்ணெய், பஞ்சில் தொட்டு மேலோட்டமாக, ஏட்டுக்கு ஒரு தடவை மட்டும்.

ஒலிநாடா

ஐயாவின் தங்கை, உங்கள் 91 வயது அப்பத்தா, இருக்கிறார் என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறீர்கள். படமும் ஓலையும் இன்னும் ஆறு மாதம் காத்திருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமையே அவரிடம் போங்கள்.

காலையில், சாப்பிட்டுச் சற்று நேரம் கழித்து. ஒரு அமர்வு 40 நிமிஷத்துக்கு மேல் வேண்டாம், மூன்று நாலு அமர்வாக வைத்துக்கொள்ளுங்கள். போனிலேயே பதியலாம், ஆனால் 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக வரும் செயலி வைத்துக்கொள்ளுங்கள். கழுத்தோரம் செருகும் மைக் ஒன்று இருந்தால் நல்லது, சேலை உரசாத பக்கமாகக் குத்துங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், குக்கர் விசில் வரும் நேரத்தைத் தவிருங்கள், போனை விமானப் பயன்முறையில் போடுங்கள். தொடக்கத்தில் தேதி, இடம், யார் யார் இருக்கிறார்கள் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

வருஷம் கேட்காதீர்கள், வராது. "அண்ணன் திரும்பி வந்தப்ப நீங்க எந்த வீட்டுல இருந்தீங்க, யார் முதல்ல பாத்தது, என்ன உடுத்தியிருந்தார், காலு எப்படி இருந்துச்சு, அன்னைக்கு என்ன சமையல்?" இப்படிக் கேளுங்கள். 1942இல் அவருக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும், வாசலில் வந்து நின்ற அண்ணனை மறந்திருக்க மாட்டார். அவர் நிறுத்தினால் நீங்களும் பேசாமல் இருங்கள், பத்து எண்ணும் வரை. அடுத்த கேள்வியை அவசரமாகப் போட்டால் வரவிருந்தது உள்ளேயே நின்றுவிடும். பக்கத்தில் இருப்பவர்கள் திருத்தத் தொடங்கினால் அன்போடு வெளியே அனுப்புங்கள். ரங்கூன் படத்தைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்பது எல்லாவற்றையும்விடப் பலன் தரும்.

எழுத்தாக்கும்போது அவர் பேச்சை இலக்கணத் தமிழாக்காதீர்கள். "வந்தாக, போனாக" என்பது அப்படியே நிற்கட்டும்.

மோரே

1964 பகுதிக்கு என் பங்கு. அந்த ஆண்டு மார்ச்சில் பர்மாவின் நே வின் இராணுவ அரசு கடைகளை நாட்டுடைமை ஆக்கியது. மே 17ஆம் தேதி 50, 100 சாட் (பர்மா நாணயம்) நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. பெகு அரிசிக்கடைக்காரர் இரண்டு மாதத்துக்குள் சரக்கையும் ரொக்கத்தையும் சேர்த்து இழந்தார் என்பது இதுதான். "வெறுங்கையோடு வந்தார்" என்று ஒரு வரியில் தாண்டாமல், இந்த இரண்டு தேதியையும் எழுதுங்கள். 38, 39 வயதில் இரண்டாவது தடவை பூஜ்யத்திலிருந்து தொடங்கினார் என்பது அப்போதுதான் பிள்ளைகளுக்குப் புரியும்.

தாள்கள்: எஃப்.ஆர்.சி. என்கிற அயல்நாட்டார் பதிவுப் புத்தகம், தாயகம் திரும்பியோருக்கான சான்று, முகாம் அட்டை, வீட்டுமனை ஒதுக்கீட்டு ஆணை. ரெப்கோ வங்கி 1969இல் தாயகம் திரும்பியோருக்காகவே தொடங்கியது. உறுப்பினர் அட்டை இருந்தால் எடுத்து வையுங்கள், சேரும்போது கொடுத்த விவரங்களில் பர்மா முகவரி இருக்கக்கூடும். இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்திலும் தேடலாம். ரங்கூன், பெகு, அக்யாப், புரோம் என்று பழைய எழுத்துக்கூட்டலில் தேடினால்தான் வரும். யாங்கோன், பகோ என்றால் ஒன்றும் கிடைக்காது. அங்கே இருப்பவை பெரும்பாலும் நிர்வாகக் கோப்புகள். தனியாள் பெயரை எதிர்பார்த்துப் போகாதீர்கள், முகாம்களையும் பாதைகளையும் பற்றிக் கிடைக்கும்.

பேத்தி98

எல்லோருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். கடைசியாக ஒன்று, கேட்கவே தயக்கம். நோட்டின் பின்பக்கத்தில் 1950கள் வாக்கில் மாதாமாதம் "மா கின் வீட்டுக்கு" என்று 40 ரூபாய் பற்று. வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை.

பேரேடு

முதலில் கணக்காகவே பாருங்கள். "மா" பர்மாவில் பெண்ணுக்கு மரியாதைச் சொல். மாதாமாதம் ஒரே தொகை என்றால் கடை வாடகையாகவும் இருக்கலாம், பெண்கள் பெயரில் கட்டடமும் வியாபாரமும் அங்கே சாதாரணம். வேறு பக்கத்தில் "கடை வாடகை" என்று தனியாகப் பற்று இருக்கிறதா? 1952க்குப் பிறகு ரூபாய் போய்ச் சாட் வந்தது, ஆனால் நம்மவர்கள் நோட்டில் பழக்கத்தில் ரூபாய் என்றே எழுதுவார்கள்.

மோரே

வாடகை தனியாக இருந்து இதுவும் இருந்தால், நீங்கள் சொல்லத் தயங்குவது, ஐயாவுக்கு அங்கே இன்னொரு குடும்பம் இருந்தது என்பது, சரியாக இருக்கலாம். அப்படிப்பட்ட குடும்பங்கள் நிறைய. 1964இல் அந்தப் பெண்கள் பலர் அங்கேயே நின்றார்கள், பிள்ளைகளோடு. அச்சில் போடுவதற்கு முன் உங்கள் அப்பத்தாவிடம் தனியாக, பதிவுக் கருவி இல்லாமல் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் மலரில் வேண்டாம். ஆனால் அந்தப் பக்கத்தைக் கிழிக்காதீர்கள், மறைக்காதீர்கள். ஸ்கேனில் முழு நோட்டும் இருக்கட்டும், தெரிந்ததை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு மூலத்தோடு வையுங்கள். என்றாவது ஒருநாள் பெகுவிலிருந்து ஒரு பேரப்பிள்ளை தேடி வந்தால் அந்த 40 ரூபாய் வரிதான் அவர்களுக்கு இருக்கும் ஒரே தாள்.

தகரப்பெட்டி

அச்சுக்கு: 48 பக்கம், 100 பிரதி, 90 ஜி.எஸ்.எம். தாள், படங்களுக்கு மட்டும் நடுவில் எட்டுப் பக்கம் ஆர்ட் தாள். ஒவ்வொரு செய்திக்கும் பக்க ஓரத்தில் சிறு எழுத்தில் "நோட்டு", "சாதகம்", "அப்பத்தா சொன்னது", "பெரியப்பா சொன்னது" என்று குறித்துவிடுங்கள். பெரியப்பாவின் தௌங்கப் கதையும் அவர் பெயரோடு அப்படியே இருக்கலாம், அவருக்கும் மனத்தாங்கல் வராது.

பேத்தி98

வாடகை தனியாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அப்பத்தாவிடம் போகிறேன்.